நடந்துக்கிட்டிருந்தப்ப எடுத்தது

எதையாவது தொலைத்துவிட்டு வீட்டையே தலைகீழாகப் புரட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அந்த அக்காவின் ஞாபகம் வந்துவிடும். அவள் வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. போவதற்கு அவள் விட்டால்தானே!

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டிப் பிரியும் ஒரு சந்தில் அவள் வீடு. மாடியிலும் பின்கட்டிலும் அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தாள். வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர்; பாதி நாள் பெங்களூர்ப் பக்கம் இருப்பார். அறைகளுக்கு வருகிறவர்கள் முக்கால்வாசி வெளிநாட்டுக்காரர்கள். 1989இல் நான் கீழ்பென்னாத்தூரிலிருந்து வேலைக்கு வந்தேன். கடைத்தெருப் பக்கம் ஒரு வயதான டாக்டர் நடத்திவந்த ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். "நாள் பூரா இங்கிலீஷக் கேட்டுக் கேட்டு காது வலிக்குதும்மா. நீ ஒருத்தியாவது தமிழ் பேசு" என்று சொல்லிப் பின்கட்டில் ஓர் அறையைக் கொடுத்தாள். அதற்கப்புறம் பல வருடம் நான் அங்கேயேதான் கிடந்தேன்.

அறையைக் காலி செய்கிறவர்கள் எதையாவது விட்டுவிட்டுப் போவார்கள். கம்பளிச் சட்டை, மூக்குக் கண்ணாடி, பாதி தீர்ந்த ஷாம்பு, ஒற்றைக் காதணி. மற்ற வீடுகளில் இதெல்லாம் அன்றைக்கே பங்கு பிரிந்துவிடும். அக்கா துவைக்க வேண்டியதைத் துவைத்து, துடைக்க வேண்டியதைத் துடைத்து, பழைய புடவையில் தைத்த ஒரு பையில் போட்டு, மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில் வைத்துப் பூட்டிவிடுவாள். எழுதி வைக்கிற பழக்கமெல்லாம் கிடையாது. பையின் கரையைப் பார்த்தே இது யாருடையது என்று சொல்லிவிடுவாள்.

எதற்குக்கா இதெல்லாம் என்று கேட்டால் ஒரே பதில்தான். "வருவாங்க. விட்டுட்டுப் போனவங்க வராம இருப்பாங்களா?"

வராமல் இருந்தவர்கள்தான் ஜாஸ்தி. ஆனால் வந்தவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு ஜெர்மன்காரர் அறுந்துபோன தோல் செருப்பைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு ஊருக்குப் போனார். சில வருடம் கழித்து ஒரு மார்கழியில் திரும்பி வந்தார். முதுகு மூட்டையை இறக்கக்கூட விடவில்லை, அக்கா பையோடு வந்து நின்றாள். "யுவர் செப்பல். ஸ்டிச்சிங் ஆல் ஓகே." அந்த மனுஷர் செருப்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். மலை சுற்றும்போது செருப்பு போடக்கூடாது என்று அவருக்கு யாரோ சொல்லி வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. அன்று சாயங்காலம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே மலையைச் சுற்றிவிட்டு வந்தார்.

"அக்கா, அது அவரு குப்பைன்னு தூக்கிப் போட்டதுக்கா" என்றேன்.

"போடும்போது குப்பைதான். இப்ப பாத்தியா, எப்படிச் சிரிக்கிறாருன்னு?"

கார்த்திகை தீபத்துக்கு ஊரில் மாட்டுக் கொட்டகைகூட வாடகைக்குப் போகும். வராண்டாவில் பாய் போட இடம் கேட்டுக் கெஞ்சுவார்கள். அப்போதும் அந்தப் படிக்கட்டு அறையைத் திறக்க மாட்டாள். வீட்டுக்காரர் கத்துவார். நானும் அவரோடு சேர்ந்துகொண்டு கத்தியிருக்கிறேன். அவளா கேட்பாள்? "அடுத்தவங்க பொருள் இருக்குதுங்க" என்று இடுப்புச் சாவியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

பல வருடம் கழித்து எனக்கு வேலூரில் வேறு வேலை கிடைத்தது. அறையைக் காலி செய்த அன்று என் குடையை வேண்டுமென்றே ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். பஸ் ஏறியதும் எனக்கே சிரிப்பு வந்தது. போய் வாங்கிக்கொள்ளலாம், அந்தச் சாக்கில் இரண்டு நாள் தங்கலாம் என்று நினைத்தேன். இந்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனேன். ஒருநாள் அக்கா போய்விட்டாள் என்று அவள் மகள் வசந்தி போனில் சொன்னாள். குடைக்கு என்ன, வேறு வாங்கிவிட்டேன். வாசலில் நின்றுகொண்டு "என்னுது பத்திரமா இருக்குதாக்கா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாம். 

நான் குடிவந்தபோது அவளுடைய மூத்த பிள்ளை பாபு இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். கெண்டைக்கால் இரண்டும் உருண்டு திரண்டு இருக்கும். "உம் புள்ளைக்குக் காலு நல்லா உரம்" என்று தெருவில் எல்லோரும் சொல்வார்கள். அந்தக் காலை வைத்துக்கொண்டு அவனால் மாடி ஏற முடியவில்லை. தரையில் உட்கார்ந்தால் முழங்காலில் கை ஊன்றி, தொடையில் கை ஊன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறுவது போல எழுந்திருப்பான். எனக்குப் பார்க்கவே பகீரென்றிருக்கும்.

உள்ளூரில் ஒரு டாக்டர் அவன் தொடையிலிருந்து கொஞ்சம் சதை எடுத்து, இரண்டு குப்பிகளில் போட்டு அக்காவின் கையிலேயே கொடுத்தார். அந்தக் காலத்தில் அப்படித்தான். நோயாளியின் ஆட்களே லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு குப்பி சென்னைக்குப் போனது. இன்னொன்று, முதலாவது போதவில்லை என்றால் அனுப்புவதற்கு. முதலாவதே போதுமாக இருந்தது. தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும் நோய், ஆண் பிள்ளைகளுக்கு வருவது, மருந்து கிடையாது என்று பதில் வந்தது. மிச்சக் குப்பியை யாரும் கேட்கவில்லை.

யாரும் கேட்காததை அக்கா என்ன செய்வாள் என்று சொல்லத் தேவையில்லை.

பாபு நடப்பதை நிறுத்தினான். பிறகு உட்காருவதை நிறுத்தினான். அக்கா அவனைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் நாற்காலியில் வைப்பாள். போகிற வருகிற வெள்ளைக்காரர்களோடு அவன் வாய் ஓயாமல் பேசுவான். மீசை அரும்புகிற வயதில் ஒரு ஐப்பசி மாதம், நெஞ்சில் சளி கட்டி, மூச்சு முட்டி இறந்துபோனான். கல்யாணம் ஆகாத பிள்ளை என்பதால் எரிக்காமல் புதைத்தார்கள்.

அதற்கப்புறம்தான் அந்தக் குப்பி எனக்குத் தெரியவந்தது. ஒருநாள் அதைக் கையில் பொத்திக்கொண்டு எங்கள் லேபுக்கு வந்தாள். பென்சிலின் ஊசி மருந்து வருமே, அந்த அளவுக் குப்பி. ரப்பர் மூடியின் மேல் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றியிருந்தாள். உள்ளே சோற்றுப் பருக்கை அளவுக்கு வெளுத்துப்போன ஒன்று கிடந்தது.

"தண்ணி மங்கிப் போச்சு டாக்டர். மாத்திக் குடுப்பீங்களா?"

டாக்டர் நல்ல மனுஷர். பழைய ஃபார்மலினைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றிக் கொடுத்தார். சதை அழுகாமல் இருக்க நாங்கள் வைத்திருக்கும் மருந்து அது. மூடியைத் திறந்தாலே கண் எரியும். "இப்படி மாத்திக்கிட்டே இருந்தா எத்தனை வருஷமானாலும் கெடாதும்மா" என்றார். பாவம், அவருக்குத் தெரிந்தது அதுதான். அன்றைக்கு எங்கள் ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். அதிலிருந்து வருடா வருடம் பாபு பிறந்த நாளன்று குப்பியோடு வந்துவிடுவாள்.

எனக்கு அது பிடிக்கவே இல்லை. பிள்ளையின் சதையை வீட்டில் வைத்துக்கொண்டு வருடத்துக்கு ஒரு தடவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதாவது! வீட்டுக்காரரும் சொல்லிப் பார்த்தார். ஒருநாள் நானும் வாயைத் திறந்தேன். "போனவனோடது எதுக்குக்கா? அவனோட சேத்துப் புதைச்சிருக்கலாம் இல்ல?"

அக்கா என்னிடம் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான். "போனவனோடதுன்னு சொல்லாத. இது அவன் நடந்துக்கிட்டிருந்தப்ப எடுத்தது."

 

வசந்தி அண்ணனைவிட நான்கைந்து வயது சின்னவள். 2006 வாக்கில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மறு வருடமே நாள் தள்ளிப் போயிற்று. மற்ற பெண்கள் என்றால் இனிப்பு வரும். இவள் அழுதுகொண்டு அம்மா வீட்டுக்கு வந்தாள். இந்த நோய் பெண்களை ஒன்றும் செய்யாது. அவர்கள் வழியாகப் பிள்ளைக்குப் போகும் என்று அவளுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். சொன்னதும் பொய்யில்லை.

"பாபு பட்ட மாதிரி இன்னொரு புள்ள படறத என்னால பாக்க முடியாதும்மா. எனக்கு அது இருக்குதா இல்லியான்னு தெரிஞ்சாகணும். தெரியாம நான் பெத்துக்க மாட்டேன்" என்றாள்.

சென்னையில் இதைப் பார்க்கிற ஓர் ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் போனோம். லேப் பாஷை தெரிந்தவள் என்று என்னையும் அழைத்துப் போனாள் அக்கா. அங்கே ஒரு சின்ன வயது டாக்டரம்மா, பொறுமையாகப் பேசினார்.

"அம்மா, உங்ககிட்ட இந்த விஷயத்துக்கு ரெண்டு இழை இருக்கு. ஒண்ணு நல்லது, ஒண்ணு பழுது. ஒவ்வொரு குழந்தையும் ரெண்டுல ஒண்ணை எடுத்துக்கும். உங்க பையன் பழுதானதை எடுத்துட்டான். உங்க பொண்ணும் அதையே எடுத்தாங்களா, இன்னொண்ணை எடுத்தாங்களா, அதுதான் கேள்வி. உங்க ரெண்டு பேர் ரத்தத்துல இருந்தும் டி.என்.ஏ. எடுத்துடுவேன். ஆனா பையனோடதைப் பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் ரெண்டுல எது பழுதுன்னு தெரியும். அவரோடது ஏதாவது எங்கேயாவது இருக்குமா? அப்ப சதை எடுத்துப் பாத்த லேப்ல?"

அந்த லேபை மூடியே பல வருடம் ஆகியிருந்தது. வசந்தி தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"எங்கிட்ட இருக்குதுங்க."

அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வது? இத்தனை வருடம் பைத்தியக்காரி என்று பார்த்த எங்கள் எல்லோருக்கும் சேர்த்து அது ஒரு பதில். அடுத்த நாளே குப்பியை மடியில் வைத்துக்கொண்டு செஞ்சி, திண்டிவனம் என்று பஸ்ஸில் போனாள். கூடப் போன என்னிடம் வழி நெடுக அவனைப் பற்றியே பேசினாள். ஏதோ அவனையே ஊரிலிருந்து அழைத்துப் போகிற மாதிரி ஒரு சந்தோஷம். எனக்கும்தான், பொய் சொல்வானேன், அன்றைக்கு அந்தக் குப்பியின் மேல் ஒரு பக்தியே வந்துவிட்டது.

சில நாள் கழித்து எங்கள் லேபுக்கு போன் வந்தது. டாக்டரம்மாதான். சதையிலிருந்து டி.என்.ஏ. கிடைக்கத்தான் கிடைத்ததாம். ஆனால் எல்லாம் பொடிப்பொடியாம். கிழித்துப்போட்ட காகிதத்தைக் குப்பைத்தொட்டியிலிருந்து அள்ளினால் எழுத்து இருக்கும், வாக்கியம் இருக்காது, அந்த மாதிரி. ஃபார்மலினில் ஒருநாள் இரண்டு நாள் ஊறவைத்து மெழுகில் பதித்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம். வருடக் கணக்கில் ஊறியதால், அதுவும் மருந்தைப் புதுப்பித்துப் புதுப்பித்து ஊற்றியதால், சதை பார்வைக்கு அப்படியே இருக்க, உள்ளே இருந்தது எல்லாம் முறிந்துபோய்விட்டது. மூன்று தடவை செய்து பார்த்துவிட்டேன், குப்பியில் இனி மிச்சமும் இல்லை என்றார்.

இதை அக்காவிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை. முடித்ததும் நின்றது.

"நான் ஜாஸ்தி பாத்துக்கிட்டேனாம்மா? கம்மியாப் பாத்துக்கிட்டிருந்தா இருந்திருக்குமா?"

 அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். வசந்தி உள்ளே படுத்திருந்தாள். நாள் போகப்போக, கருவைக் கலைப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கிற வாய்ப்பும் கம்மியாகிக்கொண்டே வந்தது.

டாக்டரம்மா போனை வைப்பதற்கு முன் இன்னொன்றும் சொல்லியிருந்தார். மருந்து எதுவும் படாமல், தானாகக் காய்ந்த பொருள் ஏதாவது இருந்தால் அது இதைவிட மேல். பால் பல், வேரோடு முடி, எதுவானாலும் சரி. அன்று மத்தியானம் உட்கார்ந்து யோசித்தோம். எல்லாவற்றையும் சேர்த்து வைக்கிற வீட்டில், அவனுடையது ஒன்றும் இல்லை! பல் விழுந்தபோதெல்லாம் சாணியில் உருட்டிக் கூரையில் எறிந்தாயிற்று. முடியைக் கோயிலில் கொடுத்தாயிற்று. அவனைப் புதைத்த மறுநாளே சட்டைகளை ஆற்றோடு விட்டாயிற்று. சாமிக்கும் சாத்திரத்துக்கும் கொடுக்க வேண்டியதில் மட்டும் அக்கா ஒன்றையும் பிடித்து வைத்தவள் இல்லை.

வசந்தி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவள், அம்மாவின் இடுப்பையே பார்த்தாள். "அம்மா, அதுக்குள்ள என்னா இருக்குது?"

அறைச் சாவிக் கொத்தில் ஒரு சின்ன வெள்ளித் தாயத்து. பாபு கைக்குழந்தையாக இருந்தபோது விழுந்த தொப்புள்கொடியைக் காயவைத்து, வெள்ளிக் குழலில் போட்டு, இரண்டு முனையையும் அரக்கால் அடைத்து அரைஞாணில் கட்டியது. எங்கள் பக்கத்தில் எல்லாக் குழந்தைக்கும் செய்வதுதான். அவன் வளர்ந்ததும் கழற்றிவிட்டாள். கழற்றியதைத் தனியாக எங்கே வைப்பது என்று சாவிக் கொத்தில் கோத்துவிட்டாள். அதற்கப்புறம் அதை அவள் நினைத்ததே இல்லை. சாவியோடு சாவியாக எத்தனையோ ஊர்க்காரர்களின் கையில் புரண்டிருக்கிறது. குப்பிக்கு நடந்த சேவையில் ஒரு துளிகூட அதற்கு நடக்கவில்லை.

சென்னையில் கண்ணாடிப் பெட்டி போன்ற ஒன்றுக்குள் கையுறை போட்டுக்கொண்டு டாக்டரம்மா அரக்கைச் சுரண்டினார். குழலைத் தட்டியதும் மிளகு அளவுக்குக் கறுத்துச் சுருங்கிய ஒன்று விழுந்தது. அக்காவின் கை தானாக நீண்டது.

"தொடாதீங்கம்மா! உங்களுது கலந்துடும்."

கையை இழுத்துக்கொண்டாள். மெதுவாகக் கேட்டாள். "எங்கிட்ட இருந்து வந்ததுதானேங்க? என்னுது கலந்தா என்னா?"

 டாக்டரம்மா சொன்னார்: "அவர் வேற, நீங்க வேறன்னு பிரிச்சுப் பாக்கணும்மா. அதுக்குத்தான்."

"பாத்துட்டு மிச்சம் குடுப்பீங்களா?"

"மிச்சம் இருக்காதும்மா. பொடி பண்ணிக் கரைச்சாத்தான் எடுக்க முடியும். இதுலயும் கிடைக்கும்னு உறுதியாச் சொல்ல முடியாது."

வெள்ளைக்காரரின் அறுந்த செருப்பைத் தைத்து வைத்தவள். அவளிடம் போய், உன் பிள்ளையில் மிஞ்சியது இவ்வளவுதான், இதையும் கரைத்துவிடுவோம், பலன் நிச்சயமில்லை என்றால்?  அவள் வசந்தியைப் பார்த்தாள், அந்தக் கறுப்பு மிளகைப் பார்த்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "எடுத்துக்குங்க" என்றாள். கிளம்பும்போது காலியான வெள்ளிக் குழலை நீட்டினார்கள். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். அவள் ஒரு பொருளை விட்டுவிட்டு வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த மிளகு போதுமானதாக இருந்தது. முறியாமல் நீளமாகவே கிடைத்ததாம். முடிவைக் கேட்க மறுபடி மூன்று பேரும் போனோம். டாக்டரம்மா எழுந்து வந்து வசந்தியின் தோளைத் தொட்டார். அண்ணன் எடுத்தது ஒன்று, தங்கை எடுத்தது மற்றொன்று. பயமில்லை, நன்றாகச் சாப்பிடுங்கள் என்றார். வசந்தி அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அக்கா அழவில்லை. எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது திண்டிவனத்தில் டீக்கு பஸ் நின்றது. வசந்தி ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். பல நாள் கழித்து வந்த தூக்கம். அக்கா என் காதருகே குனிந்தாள்.

"ஏம்மா, ரெண்டுதான இருந்துச்சு? மொதல்ல பொறந்தவன் அவன். கெட்டத அவன் எடுத்துக்கிட்டுப் போனதாலதான இவளுக்கு நல்லது நின்னுச்சு?"

அப்படி இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டும் புதிதாக முன்னால் வைக்கப்படுகின்றன. அண்ணன் எடுத்ததால் தங்கைக்கு ஒன்றும் குறைவதும் இல்லை, கூடுவதும் இல்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். அடுத்தவர் பேச்சில் சின்னத் தப்பு வந்தாலும் திருத்தாமல் விடுகிறவள் இல்லை நான். லேபில் என் பெயரைக் கேட்டாலே ஓடுவார்கள்.

"ஆமாக்கா" என்றேன்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அதான பாத்தேன். எது குடுத்தாலும் பாப்பாவுக்கு நல்லதா பாத்து எடுத்து வச்சுட்டுத்தான் அவன் தின்னுவான்."